கெண்டைக்கு ஃப்ளை போடுகிறவர்கள் யாராவது உண்டா? (ரூஜ் சதுப்பு, ஸ்கார்பரோ)

கரையோரம் · ஸ்கார்பரோ · மே 27

எல்லாருக்கும் வணக்கம். ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் ஃப்ளை போடுறதைப் பற்றி இந்த மன்றத்தில் நிறையப் பேச்சு இழை இருக்கு (ஃப்ளை எண்டால் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டின போலி இரை). கெண்டைக்கு ஒன்றும் இல்லை. அதனால நானே தொடங்கிறன்.

டொரண்டோவில் ரூஜ் ஆறு ஒன்டாரியோ ஏரியில் விழுகிற இடத்தில், ரயில் பாலத்துக்கு உள்பக்கம் ஒரு சதுப்பு இருக்கு. முழங்கால் அளவு தண்ணி, கரையெல்லாம் நாணல். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் கெண்டை அங்கே வந்து மேயும். பத்து இறாத்தல் மீன் சாதாரணம். இருபதும் கண்டிருக்கிறன். முதல் கோடையில் நான் பிடிச்சது மூன்று. போன கோடையில் பத்தொன்பது. இடையில் என்ன மாறினது எண்டு எழுதத்தான் வந்தனான்.

நான் வவுனியாவில் குளக்கட்டில் வளர்ந்தவன். தடி, தங்கூசி, மண்புழு. தக்கை தாழ்ந்தால் இழுக்கிறது. மீனைக் காணாமலே மீன் பிடிச்ச பழக்கம் அது. இங்கே ஃப்ளை பழகினபோதும் அதே பழக்கத்தோடதான் போனன். தண்ணியைப் பார்த்து எறி, லைனைப் பார், அசைஞ்சால் இழு. கெண்டையிட்ட அது சரிவரேல்லை. அது ஃப்ளையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பி முடிச்ச பிறகும் என்ரை லைன் அசையாமலே கிடக்கும்.

இப்ப நான் முதல் அரைமணித்தியாலம் தடியையே விரிக்கிறதில்லை. தண்ணியின்ரை பளபளப்பை மறைக்கிற போலரைஸ்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையில் நிண்டு பார்க்கிறன். கெண்டை என்ன செய்யுது எண்டதை அதின்ரை உடம்பே சொல்லும். மேற்பரப்பில் கட்டை மாதிரி மிதந்து வெயில் காய்கிற மீனை விட்டிடுங்கோ, அது சாப்பிடாது. கூட்டமாய் வேகமாய்ப் போறதுகளும் அப்படித்தான். தலையைக் கீழே குத்தி, வாலை மேலே தூக்கி, பக்கத்தில் சேறு புகை மாதிரிக் கிளம்பினால் அது மேயுது. அந்தச் சேத்துப் புகை எந்தப் பக்கம் நீளுதெண்டு பார்த்தால் மீன் போகிற திசையும் தெரியும். சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தாலும் கீழே ஒன்று கிண்டிக்கொண்டிருக்குது எண்டு அர்த்தம்.

அப்படி ஒரு மீனைக் கண்ட பிறகுதான் கிட்டப் போறது. அதுவும் எப்படி? கெண்டைக்குக் காது பொல்லாத கூர். அதின்ரை காற்றுப்பையில் படுகிற அதிர்வை உட்காதுக்குக் கொண்டு போக, சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரிக் கோர்த்துக் கிடக்கு. சரளைக்கல்லில் நீங்கள் ஒரு கால் மாற்றி வைச்சால் அதுக்குக் கேட்கும். மீசையிலும் உதட்டிலும் சுவை அறியிற மொட்டுகள். கண்ணும் நல்லது. இப்படி ஒரு மீனைக் கண்டு, அதுக்குத் தெரியாமல் கிட்டப் போய், ஒரு சாண் முன்னால் ஃப்ளையை இறக்கி, அதை நம்ப வைக்கிறது பெரிய வித்தை. நான் ட்ரவுட்டிட்டை இவ்வளவு படிக்கேல்லை.

கடைசி விசயம். லைனைப் பார்க்காதேங்கோ, மீனைப் பாருங்கோ. ஃப்ளை இறங்கின இடத்துக்கு மீன் தலையைத் திருப்பி, ஒரு கணம் நிண்டு, வாலை லேசாய் அசைச்சால், செவுள் விரிஞ்சால், உதட்டின்ரை வெள்ளை ஒருக்கால் மின்னினால், அதுதான் கொத்து. தடியைத் தூக்காமல் கையால லைனை நீட்டி இழுங்கோ. கொத்தவில்லை எண்டாலும் ஃப்ளை அடியிலேயே இருக்கும், மீனும் வெருளாது.

வேறை ஆராவது செய்யிறீங்களோ?

---

மலர்_மார்க்கம் · மே 27

அண்ணா, வணக்கம். நான் போன வருடம்தான் ஃப்ளை தொடங்கினேன். என்னிடம் இருப்பது ட்ரவுட்டுக்கு வாங்கிய 5 வெயிட் ராட் ஒன்றுதான். அதில் கெண்டை பிடிக்கலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? என்ன ஃப்ளை கட்ட வேண்டும்?

---

பிளாட்_நதி · டென்வர் · மே 28

மலர், நான் பதில் சொல்றேன். சௌத் பிளாட் ஆறு டென்வர் நகரத்துக்குள்ள ஓடுது. சைக்கிள் பாதை, கான்கிரீட் சுவர், பாலம், நடுவுல அந்த ஆறு. பதினோரு வருஷமா அங்கதான் கெண்டைக்குப் போறேன். மலைமேல ட்ரவுட் ஆறுக்கு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போறவங்க, ஆபீஸுக்குப் பின்னாடி ஓடுற ஆத்துல பன்னிரண்டு பவுண்டு மீன் வாலாட்டுறதைப் பார்க்கறதே இல்லை. இப்ப கொஞ்சம் மாறியிருக்கு. அந்த நகரத்து ஆத்தைச் சீர்படுத்தப் பணம் திரட்ட, டென்வர் ட்ரவுட் அன்லிமிடெட்ங்கிற ட்ரவுட் பாதுகாப்பு அமைப்பு ஆட்களே கார்ப் ஸ்லாம்னு கெண்டைப் போட்டி வெச்சு நடத்துறாங்க.

5 வெயிட்ல கொக்கி மாட்டிடும், ஆனா சண்டை நீளும். மீன் களைச்சுப் போய், விட்ட பிறகு பிழைக்காம போகலாம். நம்பர் கூடக் கூட ராட் பலம், 7 அல்லது 8 வெயிட்தான் சரி. ரீல்ல நல்ல டிராக் (லைன் ஓடுறதைத் தடுக்கற பிரேக்) இருக்கணும், லைனுக்குப் பின்னாடி நூறு கஜம் பேக்கிங் நூல் இருக்கணும். முதல் ஓட்டத்துலயே முழு லைனையும் உருவிட்டுப் போற மீன் இருக்கு. லைன் முனையில கட்டற மெல்லிய லீடர் நூல் பத்து அடி, அதோட நுனியில பத்து அல்லது பன்னிரண்டு பவுண்டு ஃப்ளோரோகார்பன். முள்ளோட எதிர்க்கூரைக் குறட்டால நசுக்கிடுங்க.

ஃப்ளைக்கு ரொம்ப மண்டையைக் குழப்பிக்க வேண்டாம். ஆலிவ், பழுப்பு, துரு நிறம். 6, 8, 10ஆம் நம்பர் முள். ஊலி பக்கர், சான் ஹுவான் வார்ம், மயிற்பீலி இழை சுத்தின ஒரு தடிச்ச நிம்ஃப் (நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரி), நண்டு மாதிரி ஒண்ணு. உங்க பக்கம் ஏரியில ரவுண்ட் கோபி மீன் பெருகிக் கிடக்கு, அதனால சின்னதா ஒரு கோபி ஃப்ளையும் கட்டிக்கங்க. நிறத்தைவிட எடைதான் முக்கியம். முழங்கால் தண்ணிக்கு ஃப்ளைத் தலையில எடைக்காகக் கட்டற மணிச்சங்கிலிக் கண், இடுப்பளவு தண்ணிக்குக் கொஞ்சம் கனமான கண். ஃப்ளை விழற சத்தத்துல மீன் ஓடக் கூடாது, ஆனா அது கடந்து போறதுக்குள்ள அடிக்குப் போயிடணும்.

கரையோரம் அண்ணன் 'ஒரு சாண்'னு சொன்னதுக்கு ஒரு வழி இருக்கு. நேரா மீன் தலையில போடாதீங்க. அதுக்கு அப்பால நாலஞ்சு அடி தள்ளிப் போட்டு, ராடை உயர்த்தி ஃப்ளையைத் தண்ணி மேலயே இழுத்துக்கிட்டு வந்து, மூக்குக்கு முன்னாடி நிறுத்தி விட்டுடுங்க. அது பாட்டுக்கு இறங்கும். மேயற கெண்டை நாலடி தூரத்துல கிடக்கிற இரைக்காக வேலையை விட்டுட்டு வராது, வாய்க்குப் பக்கத்துல வந்தா எடுத்துக்கும்.

இந்த மீனை ஏன் இங்க மட்டமா நினைக்கிறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா கேள்வி. ஆட்டைக் கொண்டுவந்த மாதிரி, கோழியைக் கொண்டுவந்த மாதிரி, இதையும் சாப்பாட்டுக்குன்னு அரசாங்கமே கேட்டுக் கொண்டுவந்ததுதான். 1877ல அமெரிக்க மீன் ஆணையம் ஜெர்மனியிலிருந்து வரவழைச்ச 345 கெண்டைகளை பால்ட்டிமோர் ட்ரூயிட் ஹில் பூங்காக் குளங்கள்ல விட்டது. ரெண்டு வருஷத்துல 25 மாநிலங்கள்ல முந்நூறு பேருக்கு மேல 12,265 குஞ்சுகள் போயிடுச்சு. விவசாயிங்க வரிசையில நின்னு வாங்கினாங்க. அப்புறம் குளம் உடைஞ்சு ஆத்துக்குப் போச்சு, கலங்கின தண்ணியில வளர்ந்த மீன் ருசிக்கலை, தண்ணி கெட்டதுக்கெல்லாம் பழியும் அது தலையில விழுந்துச்சு.

---

சதுப்புக்_காவல் · ஹாமில்டன் · மே 29

எல்லாப் பழியும் வீண்பழி அல்ல. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையை ரசித்துப் படித்தேன்.

எங்கள் ஊரில் கூட்ஸ் பாரடைஸ் என்ற பெரிய சதுப்பு இருக்கிறது. ஹாமில்டன் துறைமுகத்தின் மேற்கு முனை. ஒரு காலத்தில் முழுக்க நாணலும் நீர்த்தாவரமும். பைக், பாஸ், பெர்ச் எல்லாம் முட்டையிட வந்த இடம். இருபதாம் நூற்றாண்டில் அதன் தாவரத்தின் பெரும்பகுதி அழிந்தது. சாக்கடையும் ஒன்டாரியோ ஏரியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தியதும் காரணங்கள்தாம், ஆனால் கெண்டையும் ஒரு பெரிய காரணம். இரை தேடும்போது அது வேரோடு பிடுங்குகிறது. நீங்கள் ஆசையோடு எழுதிய அந்தச் சேற்றுப் புகை எங்களுக்கு வேறு ஒன்று. சேறு கலங்கினால் ஒளி அடிக்குப் போகாது, ஒளி போகாவிட்டால் விதை முளைக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சுமார் 70,000 கெண்டை இருந்ததாகக் கணக்கிட்டார்கள். சதுப்பைப் பராமரிக்கும் ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் அதன் வாசலில் ஒரு மீன்வழித் தடுப்பைக் கட்டி 1997இல் இயக்கத் தொடங்கியது. கம்பிகளுக்கு நடுவே சிறுமீன் போகும், பெரிய கெண்டை போகாது. பெரிய மீன்கள் கூடைகளில் ஏறும். தூக்கி, கையால் பிரித்து, உள்ளூர் மீன்களைச் சதுப்புக்குள்ளும் கெண்டையைத் துறைமுகத்துக்கும் விடுவார்கள். அதன் பிறகு செடி திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தவள். சதுப்பில் நாற்று நட்டவள்.

ஆகவே, பிடியுங்கள். திறமையை மதிக்கிறேன். ஆனால் பிடித்த கெண்டையை முத்தமிட்டு விட்டுவிடுவதை ஒரு நற்செயல் போலப் பேசாதீர்கள்.

---

கரையோரம் · மே 29

அக்கா, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். மறுக்க ஒன்றும் இல்லை.

நான் விடுகிறனான்தான், அதை ஒளிக்கேல்லை. நான் பிடிக்கிற பத்தொன்பதை எடுத்தாலும் விட்டாலும் ஏரிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பெட்டை மீன் ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் முட்டை போடும். கூட்ஸ் பாரடைஸில் வேலை செய்தது தடுப்பு, தூண்டில் இல்லை. ஆனால் நற்செயல் எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது சரி. கெண்டையை நேசிக்கிறதும், அது இல்லாத சதுப்பு நல்லாயிருக்கும் எண்டு ஒத்துக்கொள்ளுறதும் ஒரே ஆளுக்குள்ளே இருக்கலாம் எண்டு நினைக்கிறன். ஒரு உயிரைக் கரையில் எறிஞ்சு சாகவிடுறது மட்டும் என்னால ஏலாது. அதைச் செய்யிற ஆக்களை இதே பாலத்தடியில் கண்டிருக்கிறன். அந்த மீன் செவுளை அடிச்சுக்கொண்டு கிடந்த கிடை இன்னும் கண்ணுக்குள்ளே நிக்குது.

சமைக்கலாமோ எண்டு ஒருவர் தனிமடலில் கேட்டவர், இங்கேயே சொல்லிவிடுறன். ஒன்டாரியோ அரசு மீன் உண்பதற்கு ஒரு வழிகாட்டி வெளியிடுது. இடம், மீன் இனம், நீளம் மூன்றையும் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் எண்டு இருக்கும். பெரிய கெண்டை பல வருசம் சீவிக்கிற மீன், கொழுப்பும் கூட. ஏரியில் இருக்கிற பிசிபி எண்ட தொழிற்சாலை நச்சு இரசாயனம் அந்தக் கொழுப்பில்தான் சேரும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. பார்க்காமல் குழம்பு வைக்காதேங்கோ.

---

பொன்னி_ஈரோடு · மே 30

வணக்கங்க. கெண்டையைக் குப்பை மீனுன்னு சொல்ற ஊர் உலகத்துல இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நம்மள்ட்ட அழகான கண்ணுன்னாவே கெண்டைக்கண்ணுதானுங்களே. அது இந்தப் பெரிய கெண்டை இல்லை, நம்ம ஆத்துச் சின்னக் கெண்டை. ஆனா ஒரே குடும்பம்.

பெரிய கெண்டை, இங்க சாதாக் கெண்டைன்னு விக்கறது, நமக்கும் வந்த மீனுதானுங்க. அதுல கண்ணாடிக் கெண்டைன்னு ஒரு வகை, செதில் அங்கொண்ணு இங்கொண்ணு பெருசா இருக்கும். 1939ல இலங்கையிலிருந்து அதை ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்டாங்க. வவுனியா அண்ணன் டொரண்டோவுல அதே மீனுக்குத் தூண்டில் போடறாருன்னு படிச்சப்ப எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சுங்க.

நான் பவானி, காவிரி ரெண்டுலயும் பிண்ணாக்கு உருண்டை வெச்சுப் போடறவன். ரெண்டு வருஷமா ஒரு பழைய 6 வெயிட் வெச்சு ஃப்ளையும் போடறேன். கட்லா எனக்கு ஒண்ணுகூட எடுக்கலைங்க, அது தண்ணியில மிதக்கற நுண்ணுயிரை வடிச்சுத் தின்னற மீனு. ரோகு ரெண்டு, ரொட்டித் துண்டு மாதிரி வெள்ளையாக் கட்டினதுல. ஜிலேபிதான் (திலாப்பியா) ஃப்ளைக்குன்னே பொறந்த மீனு. இங்க யாரும் அதை மதிக்கறதில்லை, கையளவு இருந்தாலும் என்னமா இழுக்குது! சின்ன நிம்ஃபை மெதுவா நகத்தினா ஓடி வந்து கவ்வுது. ஒண்ணு மட்டும் பாத்துக்கோணும். பொட்டை ஜிலேபி குஞ்சை வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்தும். கன்னம் உப்பிக்கிட்டு ஒதுங்கி நிக்கற மீனுக்குப் போடறதில்லைன்னு ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கேன். விராலும் அப்படித்தானுங்க. செவப்பாக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கற மாதிரி மேல வந்தா, கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்குதுன்னு அர்த்தம். ரப்பர் தவளையைப் போட்டா கோவத்துல கண்டிப்பா அடிக்கும். அடிச்சா அந்தக் குஞ்செல்லாம் அன்னிக்கே மத்த மீனுக்கு இரை.

அணையில போடறதுக்கு முன்னால அனுமதி கேட்டுக்கோங்க, குத்தகைக்காரங்க பொழப்பு அது.

---

கல்ஃப்_குமரன் · ஹூஸ்டன் · ஜூன் 1

பொன்னி சொன்ன விரால் காவலைப் படித்ததும் பௌஃபின் என்ற மீன் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் பழைய இனம், பார்க்கவும் விரால் மாதிரியே நீண்ட முதுகுத் துடுப்பு. அதுவும் காற்றைக் குடிக்கும், அதன் ஆண் மீனும் குஞ்சுகளைக் காவல் காக்கும். குடும்பத்தால் இரண்டுக்கும் உறவே இல்லை.

சதுப்புக்_காவல் அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் கண்மூடித்தனமாகப் பரவினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே 'முரட்டு மீன்' என்று ஒரே பெயரில் பலவற்றைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வந்தேறியான கெண்டையும் அதில் உண்டு, இந்த மண்ணுக்கே உரிய, நீண்ட அலகுள்ள கார் (gar), டிரம், பௌஃபின், பஃபலோ மீன்களும் உண்டு. பஃபலோவைப் பார்த்தால் கெண்டை மாதிரியே இருக்கும். மீசை மட்டும் இருக்காது. பலர் இரவில் விளக்கடித்து அம்பால் எய்து, பிறகு கரையிலேயே வீசிவிட்டுப் போகிறார்கள். 2019இல் வெளியான ஆய்வொன்றில், காதுக்குள் இருக்கும் கல்லின் வளையங்களை எண்ணி ஒரு பெருவாய் பஃபலோவுக்கு 112 வயது என்று கண்டார்கள். அப்படிப்பட்ட மீனைக் குப்பைத்தொட்டியில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார் மீனுக்கு ஃப்ளை போடுவது தனிக் கலை. அலகு முழுக்க எலும்பு, முள் ஏறாது. நைலான் கயிற்றைப் பிரித்து வால் போலத் தொங்கவிட்டால் போதும், முள்ளே வேண்டாம், பல்லில் இழை சிக்கிக்கொள்ளும். ஆனால் கயிற்றை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மீனை விட வேண்டும். மறந்தால் வாய் கட்டிப் பட்டினியால் சாகும். கத்தரியும் தடித்த கையுறையும் இல்லாமல் கார் மீனுக்குப் போகாதீர்கள்.

---

மலர்_மார்க்கம் · ஜூன் 14

8 வெயிட் பழையது ஒன்று வாங்கினேன். நான்கு தடவை போய்விட்டேன். மீன் தெரிகிறது. ஒரு மீன் ஃப்ளையைத் திரும்பிப் பார்க்கிறது. அது வெருண்டு ஓடியதும் பக்கத்தில் இருப்பவை எல்லாம் போய்விடுகின்றன, பிறகு ஒரு மணி நேரத்துக்கு அந்த இடமே வெறுமை. போன வாரம் கரையோரம் ஐந்தாறு மீன் தண்ணீரை அடித்துக்கொண்டு புரண்டன, முதுகே வெளியில் தெரிந்தது. அவை எதையுமே கண்டுகொள்ளவில்லை. நான் என்ன பிழை விடுகிறேன்?

---

கரையோரம் · ஜூன் 14

தங்கச்சி, கடைசியாய்க் கண்டது முட்டை போடுற கூட்டம். தண்ணி 18 பாகைக்கு மேல ஏறினால் அப்படிக் கரைக்கு வருங்கள். அந்த நேரம் அதுகள் சாப்பிடாது. விட்டிடுங்கோ, நாலைந்து நாளில் பசியோட திரும்பி வரும்.

மற்றது வெருட்சி. ஒரு மீனுக்குத் தோல் கிழிஞ்சால் அதில் இருந்து ஒரு பொருள் தண்ணியில் கலந்து மற்ற மீனை எச்சரிக்கும் எண்டு கார்ல் ஃபொன் ஃபிரிஷ் 1938இலேயே கண்டவர், தேனீ நடனத்தை விளங்கப்படுத்தின அதே ஆள். கெண்டைக் குடும்பத்தில் அது வலு பலம். உங்கட மீனுக்குக் காயம் ஒன்றும் இல்லை. அதுகள் ஒன்றின்ரை ஓட்டத்தைக் கண்டு மற்றது ஓடுதுகள். கூட்டத்தின்ரை நடுவில் போடாதேங்கோ. ஓரத்தில் தனியாய் மேயிறதைத் தெரிவு செய்யுங்கோ. லைன் மீனுக்கு மேலால பறக்கக் கூடாது, அதின்ரை நிழல் போதும். தண்ணிக்குள் இறங்காமல் கரையிலேயே முழங்காலில் இருங்கோ. நான் இருபது அடிக்குள்ளே போய்த்தான் போடுறன், தூரம் எறியிறது இதுக்குத் தேவையில்லை.

---

மலர்_மார்க்கம் · ஜூலை 6

பிடித்துவிட்டேன்!

ஆனால் ரூஜில் இல்லை, ஹம்பர் ஆற்றில். நடக்கப் போன இடத்தில் கரையில் ஒரு மல்பெரி மரம், கிளை முழுக்க ஆற்றின் மேல். கீழே ஏழெட்டுக் கெண்டை வட்டமிடுகின்றன. ஒரு பழம் 'ப்ளக்' என்று விழுகிறது, ஒன்று திரும்பி வந்து வாயைத் திறந்து எடுத்துக்கொள்கிறது. ரூஜில் சத்தத்துக்கு ஓடிய அதே மீன், இங்கே சத்தத்துக்கு வருகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் கம்பளி நூலில் ஊதா நிறத்தை எடுத்து 8ஆம் நம்பர் முள்ளில் உருண்டையாகச் சுற்றினேன்.

மறுநாள் காலை, மூன்றாவது முறை போட்டபோது உருண்டை விழுந்த சத்தத்துக்கே ஒன்று திரும்பியது. வாய் வெள்ளையாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். இழுத்தேன். அதன் பிறகு பாலம் வரைக்கும் ஓடினோம், அதுவும் நானும். வலைக்குள் வந்தபோது என் கை நடுங்கியது. தங்கக் காசு அடுக்கியது போலச் செதில், ஒவ்வொன்றுக்கும் கரு ஓரம். தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்தேன்.

சதுப்புக்_காவல் அக்கா, விட்டுவிட்டேன். நீங்கள் எழுதியது அப்போதும் மனதில் இருந்தது. அடுத்த வசந்தத்தில் நாற்று நட ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

---

சதுப்புக்_காவல் · ஜூலை 6

வாருங்கள் மலர். முழங்கால்வரை சேறாகும், மாற்றுடை கொண்டு வாருங்கள். அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றீர்களே, அதற்காகவே உங்களைச் சேர்த்துக்கொள்வேன்.

---

கரையோரம் · ஜூலை 7

இரண்டு வருசத்தில் மல்பெரி மரத்தை நான் கவனிச்சதே இல்லை. வாற சனிக்கிழமை எனக்கு அந்த மரத்தைக் காட்டுவீங்களோ? விடியக் காலமை வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல வாறன். வெயில் ஏறினால்தான் தண்ணிக்குள்ளே பார்க்கலாம். அந்த ஊதா நூலில் கொஞ்சம் கொண்டு வாங்கோ.